பேக்கிங் மாற்றியும் நிற்காத ஆயில் கசிவு: 1984 அம்பாசடர் பெட்ரோல் என்ஜினில் கிராங்க் கேஸ் அழுத்தம் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

வண்டி 1984ஆம் ஆண்டின் அம்பாசடர் மார்க் 4, பெட்ரோல். கோவையை அடுத்த ஒரு சிற்றூரில் ஒரே குடும்பத்தின் கையில் நெடுங்காலமாக இருப்பது. வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை ஐந்து, ஆறு கிலோமீட்டர் ஓட்டம், எப்போதாவது ஒரு நீண்ட பயணம். ஓடோமீட்டர் பல ஆண்டுகள் பழுதாகிக் கிடந்ததால் மொத்த ஓட்டம் எவ்வளவு என்று சொல்ல வழியில்லை.

என்ஜின் 1489 சிசி பி-சீரிஸ். பிரிட்டனின் பிஎம்சி வடிவமைத்து, பின்னர் மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் தயாரானது. போர் (சிலிண்டரின் விட்டம்) 73.025 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 88.9 மி.மீ., கிராங்க் ஷாஃப்டைத் தாங்க மூன்று மெயின் பேரிங். இந்த என்ஜினில் ஆயில் கசிவைத் தேடுகிறவர் முதலில் அறிய வேண்டியது, கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில் ரப்பர் ஆயில் சீல் கிடையாது என்பதை. ஷாஃப்டின் மேலேயே திருகு மரைபோல் ஒரு பள்ளம் வெட்டப்பட்டிருக்கும். ஷாஃப்ட் சுழலும்போது, பின்னோக்கி வரும் ஆயிலை அந்த மரை முன்னோக்கித் தள்ளும். மீறி வரும் ஆயில் பேரிங் மூடியில் உள்ள வடிகால் வழியாக, அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்புக்கு இறங்கும். மரைக்கும் அதைச் சுற்றியுள்ள கூட்டுக்கும் இடையிலுள்ள இடைவெளி ஒரு காகிதத்தின் கனம் அளவே. எதுவும் எதையும் தொடுவதில்லை, அதனால் தேய்வதும் இல்லை. ஆனால் உள்ளே அழுத்தம் ஏறினால் தடுக்கவும் அங்கே ஒன்றும் இல்லை. பி-சீரிஸுக்குப் பின்பக்கம் ரப்பர் சீல் வந்தது 1964 இறுதியில், எம்ஜிபி காருக்கான ஐந்து பேரிங் வடிவத்தில்தான். நம் ஊர் அம்பாசடரின் 1489 என்ஜின் பழைய முறையிலேயே தொடர்ந்தது.

சிலிண்டரில் எரியும் வாயுவில் ஒரு பங்கு, பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகளைத் தாண்டி, கிராங்க் ஷாஃப்ட் சுழலும் அடிக்கூடான கிராங்க் கேஸுக்குள் இறங்கும். அப்படி உள்ளே சேரும் வாயு வெளியேற இரண்டு வழிகள் உண்டு. என்ஜினின் உச்சி மூடியான ராக்கர் கவரிலிருந்து ஏர் கிளீனருக்கு ஒரு ரப்பர் குழாய் போகும். கலவை உள்ளே போகவும் புகை வெளியே வரவும் உள்ள குழாய்த் தொகுதியான மேனிஃபோல்டுக்குக் கீழே, என்ஜினின் இடப்பக்கத்தில் முன்னும் பின்னுமாக இரண்டு சைடு கவர்கள் இருக்கும். முன் கவரிலிருந்து ஓர் இரும்புக் குழாய் தரையை நோக்கி இறங்கும். இதுதான் ப்ரீதர். வண்டி ஓடும்போது குழாயின் முனையை உரசிச் செல்லும் காற்று உள்வாயுவை வெளியே இழுக்கும். நிற்கும்போது இந்த இழுவை இருக்காது.

வண்டி வந்தபோது இருந்த நிலை

உரிமையாளர் சொன்னவை: 350 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் ஊற்ற வேண்டியிருக்கிறது. வண்டி நிறுத்துமிடத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கறை. ஓராண்டுக்குள் வேறொரு பணிமனையில் இரண்டு தடவை பேக்கிங் செட் (மூட்டுகளை அடைக்கும் கேஸ்கெட்டுகள்) மாற்றியாகிவிட்டது. முதல் தடவைக்குப் பிறகு ராக்கர் கவரில் கசிவு நின்று, சைடு கவரில் தொடங்கியது. இரண்டாம் தடவை சைடு கவருக்கு இரட்டைப் பேக்கிங் வைத்து ஷெல்லாக் பசை தடவினார்கள். அது நின்றதும், என்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் இடையில் கிளட்சை மூடும் கூடான பெல் ஹவுசிங்கின் அடித்துளையிலிருந்து சொட்டத் தொடங்கியது. 'பின் ஆயில் சீல் போய்விட்டது' என்று சொல்லி கியர் பாக்ஸை இறக்கினார்கள். மாற்றுவதற்குச் சீல் இல்லாததால் கிளட்ச் பிளேட்டை மட்டும் மாற்றி ஏற்றிவிட்டார்கள். கடைசியாகக் கிடைத்த ஆலோசனை, என்ஜினை முழுதாக இறக்கி ஓவர்ஹால் செய்வது.

நோய் எதுவென்று இந்த விவரமே பாதி சொல்லிவிடுகிறது. ஓரிடத்தை அடைத்ததும் கசிவு அடுத்த இடத்துக்கு நகர்கிறது என்றால், பேக்கிங்கைச் சந்தேகிப்பதற்கு முன் உள்ளிருந்து தள்ளுவது எது என்று பார்க்க வேண்டும். உரிமையாளர் பெரிதாக எண்ணாமல் சொன்ன இன்னொரு குறிப்பும் இதையே காட்டியது: நெடுஞ்சாலையில் போய்வந்த பிறகு, ஆயில் மட்டம் பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக் தன் துளையிலிருந்து ஒரு சென்டிமீட்டர் மேலெழுந்து நிற்கிறதாம்.

முதல் நோக்கல்

ஆயில் மட்டம் மேல்கோட்டைத் தாண்டி இருந்தது. குறைகிறதே என்ற பயத்தில் அதிகமாக ஊற்றியிருக்கிறார்கள். இந்த என்ஜினில் அது கேடு. மட்டம் உயர்ந்தால், ஏற்றத்தில் முகம் மேல்நோக்கி நிறுத்தும்போது ஆயில் பின்மரைக்கே வந்துவிடும். இரண்டு கோடுகளுக்கும் நடுவில் நிற்கும்வரை வடித்தோம். ஆயிலில் பெட்ரோல் வாடை இல்லை. இதைப் பார்த்தே ஆக வேண்டும்: பெட்ரோல் பம்பின் டயஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் சம்ப்பில் இறங்கும், ஆயில் நீர்த்துப்போகும், மட்டமும் உயரும், அப்புறம் எல்லா மூட்டிலும் கசியும்.

ஆயில் மூடியின் உட்புறத்தில் வெளிறிய பசை படிந்திருந்தது. ரேடியேட்டரில் நீர் குறைவதாகப் புகார் இல்லை. பிளக்குகளிலும் நீராவிக்கான தடயம் இல்லை. எனவே ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கவில்லை. குறுகிய ஓட்டத்தில் என்ஜின் முழுச் சூடு ஏறுவதற்குள் நிறுத்திவிடுவதால் தங்கும் ஈரமும், அது வெளியேற வழியில்லாததும் சேர்ந்து தருவதுதான் இந்தப் பசை.

என்ஜினின் வெளிப்புறத்தை மண்ணெண்ணெய் கொண்டு கழுவி, காற்றடித்து உலர்த்தி, மூட்டுகளில் டால்கம் பவுடர் தூவினோம். ஆயிலில் புற ஊதா விளக்கில் ஒளிரும் சாயமும் கலந்தோம். பெல் ஹவுசிங்கில் சொட்டுவது என்ஜின் ஆயிலா கியர் ஆயிலா என்று பிரிக்க இதைவிட நம்பகமான வழியில்லை. இருபது நிமிட ஓட்டத்துக்குப் பின் விளக்கடித்ததில் மூன்று இடங்கள் ஒளிர்ந்தன: பின் சைடு கவரின் கீழ் விளிம்பு, டைமிங் கவரில் புல்லி நுழையும் இடம், பெல் ஹவுசிங் அடித்துளை. பின் சைடு கவரில் ஒழுகும் ஆயில் பிளாக்கின் மேலேயே வழிந்து பெல் ஹவுசிங்கின் முகத்தை அடைவதும் தெரிந்தது. பின்கசிவு என்று நினைத்ததில் ஒரு பங்கு உண்மையில் சைடு கவரின் கசிவு.

அழுத்தத்தை அளந்தது

கருவி எளிது. கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் லெவல் டியூப் மூன்று மீட்டர். அதை ஒரு பலகையில் யு வடிவில் கட்டி, பாதிவரை சாயம் கலந்த நீர் நிரப்பினோம். ஒரு முனை ரப்பர் புஷ் வழியாக டிப்ஸ்டிக் துளையில் காற்றுப் புகாமல் பொருந்தியது, மறுமுனை திறந்தபடி. பிஸ்டன்களின் அதிர்வால் நீர் குதிக்காமலிருக்க, குழாயின் நடுவில் ஒரு மில்லிமீட்டர் துளையுள்ள சிறு தடுப்பு. இரு கால்களிலும் உள்ள நீர்மட்டங்களின் வித்தியாசமே அழுத்தம். டிப்ஸ்டிக் குழாயின் முனை ஆயிலுக்குள் மூழ்கியிருக்கும் என்ஜின்களில் இந்த அளவு பொய்யாகிவிடும். அங்கே ஆயில் ஊற்றும் மூடியில்தான் இணைக்க வேண்டும்.

சூடேறிய என்ஜினில் ஐடிலில் (ஆக்ஸிலேட்டர் மிதிக்காத ஓட்டத்தில்) 4 செ.மீ., 2000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 2000 சுற்றில்) 11 செ.மீ. ஒழுங்காக மூச்சுவிடும் இந்த வகை என்ஜினில் ஐடிலில் பூஜ்யத்தை ஒட்டியே நிற்க வேண்டும். 11 செ.மீ. நீர் என்பது ஏறத்தாழ 1.1 கிலோபாஸ்கல், டயர் கேஜில் முள்கூட அசையாத அளவு. அதனால்தான் பலர் இதைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் கசிவின் கணக்கு வேறு. ஒவ்வொரு மூட்டுக்கும் மேலே 12, 13 செ.மீ. உயரத்துக்கு ஆயில் தேங்கி நின்றால் அது எவ்வளவு அழுத்துமோ, அவ்வளவு இது அழுத்துகிறது. தொடாமல் தடுக்கும் திருகு மரைக்கு அது தாங்காது.

ஆயில் மூடியைத் திறந்ததும் நீர்மட்டம் அரை சென்டிமீட்டருக்கு இறங்கியது. அதாவது, வாயு வெளியேறும் வழியில் எங்கோ அடைப்பு.

அடைப்பு இருந்த இடம்

ப்ரீதர் குழாயின் கீழ்முனையில் யாரோ ஒரு ரப்பர் குழாயை மாட்டி, பேட்டரித் தட்டின் ஓரத்தில் கட்டிய தண்ணீர் பாட்டிலுக்குள் விட்டிருந்தார்கள். வண்டி சிக்னலில் நிற்கும்போது புகை வாடை உள்ளே வருகிறது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. பாட்டிலின் வாயில் பனியன் வேஸ்ட் திணித்திருந்தது. ஆயிலில் ஊறி இறுகிய வேஸ்ட் வழியாகக் காற்று போகாது. மேனிஃபோல்டைக் கழற்றி முன் சைடு கவரை எடுத்துப் பார்த்தால், ஆயில் துளிகளைப் பிடிக்க உள்ளே இருக்கும் கம்பி வலையும் கரும்பசையால் அடைந்திருந்தது. ராக்கர் கவரிலிருந்து ஏர் கிளீனருக்குப் போகும் குழாய் உள்ளே உப்பிச் சுருங்கி, பென்சில் நுழையாத அளவுக்குக் குறுகியிருந்தது. பெட்ரோல், ஆயில் வாடைக்கு ஒத்துவராத சாதாரண நீர்க்குழாயை வாங்கிப் போட்டதன் விளைவு.

முதல் முடிவும் அதன் காரணமும்

என்ஜினைத் திறப்பதா, மூச்சுவழியை மட்டும் சரிசெய்து மறுபடி அளப்பதா என்ற கேள்வி எழுந்தது. இரண்டாவதே சரி. அடைப்பு நீங்காமல் எடுக்கும் எந்த அளவிலும், ரிங் வழியாக இறங்கும் வாயு எவ்வளவு, தேங்கியதால் ஏறிய அழுத்தம் எவ்வளவு என்று பிரிக்க முடியாது. செலவும் ஒரு குழாய், இரண்டு கார்க் பேக்கிங், அரை நாள் வேலை அவ்வளவே.

வலையை மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவினோம். பாட்டிலை எடுத்துவிட்டுக் குழாயைப் பழையபடி தரைநோக்கி விட்டோம். ராக்கர் கவர் குழாய்க்கு ஆயில் தாங்கும் ரகம். சைடு கவர்கள் ஒவ்வொன்றும் நடுவில் ஒரே போல்ட்டில் நிற்பவை. முன்பு கசிவை நிறுத்த அந்தப் போல்ட்டை மிகையாக இறுக்கியதில் தகடு நடுவில் குழிந்து, ஓரங்கள் தூக்கியிருந்தன. தட்டையான பலகையில் வைத்துத் தட்டி நிமிர்த்தி, ஒற்றைப் பேக்கிங் வைத்து, பேக்கிங் லேசாக அமுங்கும்வரை மட்டும் இறுக்கினோம். இரட்டைப் பேக்கிங் எப்போதும் தவறு. ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி வெளியே பிதுங்கிவிடும்.

மறு அளவு: ஐடிலில் 0.5 செ.மீ., 2000 ஆர்பிஎம்மில் 2 செ.மீ. சைடு கவரில் கசிவு முற்றிலும் நின்றது. இத்தோடு நிறுத்தியிருந்தால் வண்டி பணிமனையில் நன்றாகவும் சாலையில் பழையபடியும் இருந்திருக்கும். சுமையில்லாமல் நின்ற இடத்தில் முடுக்கும்போது சிலிண்டருக்குள் நுழையும் கலவை குறைவு, அழுத்தம் குறைவு, ரிங் வழியே இறங்கும் வாயுவும் குறைவு. அதனால் லெவல் டியூபை நீட்டி, பலகையை முன் இருக்கையில் வைத்து, மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறும் மலைச்சாலையில் மூன்றாம் கியரில் முழு ஆக்ஸிலேட்டர் கொடுத்து ஓட்டினோம். ஒருவர் ஓட்ட, இன்னொருவர் அளவைப் படிக்க வேண்டும். ஓட்டுபவர் படிக்கக் கூடாது. ஏற்றத்தில் 7 செ.மீ. வந்தது. திரும்பி வந்தபோது பெல் ஹவுசிங் துளை ஈரமாக இருந்தது.

ரிங்கா, வால்வா, பேரிங்கா

சூடான என்ஜினில் நான்கு பிளக்குகளையும் கழற்றி, த்ராட்டிலை முழுதாகத் திறந்து கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் எட்டும் அழுத்தம், எடுத்தோம். வரிசையாக 122, 118, 88, 120 பிஎஸ்ஐ. மூன்றாம் சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மி.லி. ஆயில் விட்டுச் சுற்றியதும் 115க்கு ஏறியது. ஆயில் ரிங்கைத்தான் அடைக்கும், வால்வை அடைக்காது. ஆக, குறை ரிங்கில்.

உறுதிப்படுத்த லீக்-டவுன் சோதனை. பிஸ்டனை மேல் முனையில், இரு வால்வுகளும் மூடிய நிலையில் நிறுத்தி, 80 பிஎஸ்ஐ காற்றைப் பிளக் துளையில் செலுத்தினோம். முன்னே நின்று கைப்பிடி போட்டுச் சுழற்றும் வசதி இந்த வண்டியில் இருப்பது மேல் முனையைக் கண்டுபிடிக்க உதவும். காற்றைத் திறக்குமுன் கைப்பிடியை எடுத்துவிட வேண்டும். பிஸ்டன் நழுவினால் கைப்பிடி சுழன்று கையை உடைத்துவிடும். மூன்றாம் சிலிண்டரில் இழப்பு 40 சதவீதம். காற்று ஆயில் மூடியில் சீறியது, கார்புரேட்டரிலோ சைலன்சரிலோ ஓசை இல்லை. மற்ற மூன்றிலும் 14 முதல் 18 சதவீதம்.

இறங்கும் வாயுவின் அளவையும் எடுத்தோம். ராக்கர் கவர் குழாயையும் அதன் வாயையும் அடைத்துவிட்டு, ப்ரீதர் முனையில் 10 லிட்டர் பிளாஸ்டிக் பையைக் கட்டி 1500 ஆர்பிஎம்மில் ஓடவிட்டால், 22 விநாடியில் பை நிரம்பியது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 27 லிட்டர். கசியும் மூட்டுகள் வழியே போவது இதில் சேராது, ஆகவே உண்மை அளவு சற்றுக் கூடுதல். பிறகு ஒப்பிட இது போதும்.

சூடான நிலையில் ஆயில் பிரஷர் ஓட்டத்தில் 45, ஐடிலில் 15 பிஎஸ்ஐ. அடியில் தட்டல் ஓசையும் இல்லை. மெயின் பேரிங் தேய்ந்து ஷாஃப்ட் ஆடினால் பின்மரையின் இடைவெளி ஒருபுறம் பெருகி, அழுத்தம் இல்லாமலே கசியும். அப்படி இருந்திருந்தால் என்ஜினை இறக்கத்தான் வேண்டும். இந்த அளவுகள் அதற்குக் காரணம் தரவில்லை.

ப்ரீதரை இன்டேக் மேனிஃபோல்டுடன் இணைத்து பிசிவி வால்வு (கிராங்க் கேஸ் வாயுவை மேனிஃபோல்டின் வெற்றிடத்தால் இழுக்கவிடும் வால்வு) போடலாம் என்ற யோசனையும் வந்தது. ஏற்கவில்லை. மேனிஃபோல்டில் வெற்றிடம் அதிகமாக இருப்பது ஐடிலில். ஏற்றத்தில் முழு ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போது அது ஏறக்குறைய இல்லாமலாகிறது. வாயு மிகுதியாக இறங்குவதோ அப்போதுதான். ரிங் பழுதை அது மறைக்காது, கார்புரேட்டர் கலவையை மட்டும் கெடுக்கும்.

என்ஜினைத் திறந்தது

ஹெட்டையும் சம்ப்பையும் மட்டும் எடுத்து, என்ஜினை வண்டியிலேயே வைத்து பிஸ்டன்களைக் கழற்றுவது என்று முடிவு. இந்த என்ஜினின் கனெக்டிங் ராடு கீழ்முனை சாய்வாகப் பிளந்திருப்பதால் ராடு போர் வழியாக மேலே வந்துவிடும்.

ஒவ்வொரு பிஸ்டனிலும் மூன்று கம்ப்ரஷன் ரிங், ஓர் ஆயில் ரிங். மூன்றாம் பிஸ்டனில் இரண்டாம் ரிங்கும் ஆயில் ரிங்கும் கார்பனில் இறுகி அசையாமல் நின்றன. மேல் ரிங்கை போரின் தேயாத அடிப்பகுதியில் வைத்து ஃபீலர் கேஜால் அளந்ததில் அதன் இரு முனைகளுக்கு நடுவிலான வாய் இடைவெளி 0.9 மி.மீ. புது ரிங்குக்கு 0.20 முதல் 0.33 வரை இருக்க வேண்டும். போரின் தேய்மானம் மேலுக்கும் கீழுக்கும் இடையே மூன்றாம் சிலிண்டரில் 0.11 மி.மீ., மற்றவற்றில் 0.08.

ரீபோர் செய்து, அதாவது சிலிண்டரைப் பெரிதாகக் கடைந்து, பெரிய பிஸ்டன் போடுவதே முழுமையான வேலை. உரிமையாளரிடம் இரண்டு வழிகளையும் கணக்கோடு விளக்கினோம். விட்டம் 0.11 மி.மீ. கூடினால் சுற்றளவு 0.35 மி.மீ. கூடும். அடியில் 0.30 இடைவெளி உள்ள புது ரிங்குக்கு மேலே 0.65 இருக்கும். முழுத் திறன் வராது, ஆனால் மாதம் 200 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்குப் பல ஆண்டு தாங்கும். அவர் ரிங் மட்டும் போதும் என்றார். தேய்மானம் 0.15ஐத் தாண்டியிருந்தால் இந்தத் தெரிவையே நாங்கள் முன்வைத்திருக்க மாட்டோம்.

போரின் மேல்விளிம்பில் தேயாமல் நிற்கும் வரப்பை முதலில் ரீமரால் எடுத்தோம். இதை விட்டுவிட்டுப் புது ரிங் போடுவது பலர் செய்யும் பிழை. புது ரிங்கின் கூரான விளிம்பு வரப்பில் இடித்து, ரிங்கோ பிஸ்டனின் பள்ளமோ உடையும். பிறகு குறுக்குக் கோடுகள் விழும்படி சாணைக்கல்லால் தேய்த்து ஹோன் செய்து, சோப்பு நீரில் தேய்த்துக் கழுவினோம். பெட்ரோலில் துடைத்தால் ஹோன் தூள் நீங்காது. வெள்ளைத் துணியில் துடைத்தால் சாம்பல் நிறம் வராமல் போகும்வரை கழுவ வேண்டும். பிஸ்டன் பள்ளங்களையும், ஆயில் ரிங்குக்குப் பின்னால் உள்ள வடிதுளைகளையும் சுத்தம் செய்து, சாய்வு ரிங்குகளை மேல்குறி மேலே வரும்படி ஏற்றினோம். பின் மெயின் பேரிங் மூடியின் வடிகாலில் கம்பி விட்டுப் பார்த்ததில் அங்கும் பசை. இது அடைந்திருந்தால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் பின்பக்கம் சொட்டும்.

டைமிங் கவர் சீல் மாற்றப்பட்டது. புல்லியின் கழுத்தில் சீல் உரசிய பள்ளம் விழுந்திருந்ததால், புது சீல் அதே பள்ளத்தில் அமராதபடி ஒரு மில்லிமீட்டர் தள்ளி அமர்த்தினோம். வால்வுகளின் டேப்பெட் இடைவெளி 0.38 மி.மீ., 20டபிள்யூ-50 ஆயில் 4 லிட்டர்.

விளைவு

முதல் 500 கிலோமீட்டரில் ஆயில் மாற்றி, ஹெட்டை மறு இறுக்கம் செய்தோம். 1200 கிலோமீட்டர் கடந்தபின் எடுத்த அளவுகள்: கம்ப்ரஷன் 132, 130, 126, 131. பத்து லிட்டர் பை நிரம்ப 64 விநாடி. அழுத்தம் ஐடிலில் பூஜ்யம், 2000 ஆர்பிஎம்மில் 0.5 செ.மீ., அதே கோத்தகிரி ஏற்றத்தில் 1.5 செ.மீ. ஒரு லிட்டர் ஆயில் ஏறக்குறைய 1,800 கிலோமீட்டருக்கு வருகிறது. டிப்ஸ்டிக் எழவில்லை.

பெல் ஹவுசிங் துளையில் இரவெல்லாம் நின்றால் இரண்டு மூன்று சொட்டு இன்னும் விழுகிறது. திருகு மரை சுழலும்போதுதான் வேலை செய்யும். என்ஜின் நின்றபின் அங்கே தங்கிய ஆயில் வடிவது இந்த வடிவமைப்பின் இயல்பு. அதற்காக எதையும் கழற்றக் கூடாது என்று உரிமையாளரிடம் எழுதியே கொடுத்தோம்.

அடுத்த தடவை மாற்றிச் செய்ய வேண்டியவை

கசிவு என்று வரும் பழைய வண்டி எதுவானாலும், பேக்கிங் வாங்குமுன் லெவல் டியூபை மாட்டிப் பார்ப்பது முதல் வேலையாக இருக்க வேண்டும். பத்து நிமிடம் போதும். அளவு பூஜ்யம் என்றால் பேக்கிங்கையும் சீலையும் தைரியமாகக் குறைசொல்லலாம். அளவு ஏறினால் மூடியைத் திறந்து இறங்குகிறதா என்று பார்த்து அடைப்பைத் தேட வேண்டும். அடைப்பு நீங்கியும் சுமையில் ஏறினால் ரிங். இந்த வரிசை மாறினால் செலவு வீண்.

சுமைச் சோதனையை இன்னும் முன்னதாகவே செய்திருக்கலாம். வந்த நிலையில் ஏற்றத்தில் எடுத்த அளவு நம் கையில் இல்லை, அதனால் அடைப்பு மட்டும் சாலையில் எவ்வளவு சேர்த்தது என்று எண்ணிக்கையில் காட்ட முடியவில்லை. அளவு முனையைக் காற்றுப் புகாமல் பொருத்தும் ரப்பர் புஷ்களை டிப்ஸ்டிக், ஆயில் மூடி இரண்டுக்கும் பல அளவுகளில் செய்து வைத்துக்கொள்வதும் நல்லது.

பராமரிப்பில், முன் சைடு கவரின் வலையை இரண்டு ஆயில் மாற்றத்துக்கு ஒரு தடவை கழுவ வேண்டும். மேனிஃபோல்டைக் கழற்றாமல் எட்டாது என்பதால் யாரும் தொடுவதில்லை. அடைந்து போவதும் அதனால்தான். மாதம் ஒரு நாளாவது முப்பது கிலோமீட்டர் தொடர்ந்து ஓட்டி என்ஜினை நன்கு சூடாக்கினால் ஈரம் வெளியேறிப் பசை கட்டுவது குறையும். புகை வாடை வந்தால் ப்ரீதர் முனையை எதிலும் செருகாமல், ஏன் வாயு இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். இந்த வண்டிக்கு அடுத்த கம்ப்ரஷன், பைச் சோதனை 5,000 கிலோமீட்டரில் என்று குறித்துள்ளோம். மூன்றாம் சிலிண்டர் 110க்குக் கீழே இறங்கினால் ரீபோர் செய்வது என்று உரிமையாளருடன் முன்கூட்டியே பேசி வைத்தாகிவிட்டது.